ஒற்றியூர் நீங்கலாக

சித்திரை மாசம் ஒரு ஆபீசுக்குப் போயிருந்தேன். எந்த ஆபீசு, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். போன கார்த்திகை மழையில் என் கழனியில் ஒன்பது நாள் தண்ணி நின்னு சம்பா பயிர் அழுகிப் போச்சு. காரணம் எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஏரியில் இருந்து மிச்சத் தண்ணி வடிகிற காவா என் கழனிக்கு வடக்கே போகுது. அந்தப் பக்கத்து நிலத்தை வாங்கினவங்க மண்ணு கொட்டி, மட்டம் பண்ணி, வெள்ளைக் கல்லு நட்டு மனை போட்டுட்டாங்க. காவா மண்ணுக்கு அடியில போயிடுச்சு. தண்ணிக்கு வழி தெரியாம என் பக்கம் வந்துடுச்சு.

ஆபீசுல இருந்த தம்பி நல்ல பிள்ளைதான். மரியாதையாத்தான் பேசினார். கம்ப்யூட்டர்ல சர்வே நம்பரைத் தட்டி, புலப்படத்தை எடுத்துப் பார்த்துட்டு, "பெரியவரே, இதுல காவாயே இல்லையே"ன்னார்.

"சார், நான் சின்னப் பிள்ளையில அதுல கெளுத்தி பிடிச்சிருக்கேன். ஒரு நடை வந்து பாருங்க, மதகுக் கல்லு இன்னும் நிக்குது."

"நான் வந்து பார்த்து என்ன பண்றது? ரெக்கார்டுல இருந்தாத்தான் இருக்கு. இல்லைன்னா இல்லை."

எனக்குக் கோபம் வரலை. சிரிப்புதான் வந்தது. ஒன்பது நாள் என் முழங்கால் வரைக்கும் நின்ன தண்ணிக்கு ரெக்கார்டு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா வடிவுடையம்மனைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா கேட்டதால திருவொற்றியூர் போனோம். மீஞ்சூரில் ரயில் ஏறினா நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர் தாண்டினதும் பாலம் வரும். அடியில் கொசஸ்தலை ஆறு. ரயில்ல போற பட்டணத்துப் பிள்ளைங்க போனைப் பார்த்துட்டு இருக்கும். நான் மட்டும் ஜன்னல் பக்கம் ஒட்டிக்குவேன். ஒரு பக்கம் புகைபோக்கிகள், மின்சாரக் கோபுரங்கள், சாம்பல் நிறத்துல சேறு. நடுவுல இடுப்பளவு தண்ணியில நின்னு வலை போடற ஆளுங்க. அந்த ஆத்தைப் பத்தி அப்புறம் சொல்றேன். முதல்ல கோயிலுக்குப் போவோம்.

திருவொற்றியூர் கோயில் ரொம்பப் பழசு. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூணு பேரும் பாடின ஊர். பல்லவர் காலக் கல்வெட்டும் இருக்கு, சோழர் காலக் கல்வெட்டும் இருக்கு. நடுவுல வந்து தொண்டை மண்டலத்தைப் பிடிச்ச ராஷ்டிரகூட ராஜா கன்னரதேவன் காலக் கல்வெட்டும் இருக்கு. சுவரெல்லாம் எழுத்து. அது மட்டும் இல்லை, அங்கே இருக்கற சாமிக்கே எழுத்தறியும் பெருமான்னு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் வந்த கதை வேடிக்கையானது.

ஒரு ராஜா எல்லா ஊருக்கும் வரி போட்டு ஓலை அனுப்பச் சொன்னானாம். எழுதுகிறவர்கள் எழுதி முடிச்சுக் கட்டி வச்சாங்க. திரும்பப் பிரிச்சுப் படிச்சா, ரெண்டு வரிக்கு நடுவுல யாரும் எழுதாத எழுத்து ஒண்ணு இருக்கு. "ஒற்றியூர் நீங்கலாக." எழுதினது யாருன்னு கேட்டா யாரும் இல்லை. சாமியே எழுதினதுன்னு முடிவாச்சு. ஒற்றியூருக்கு வரி இல்லாமப் போச்சு. பெரிய புராணத்திலேயும் இந்தச் சேதி வருது.

சின்ன வயசுல கேட்டப்போ இதைச் சாமி மகிமைன்னு மட்டும்தான் நினைச்சேன். இப்ப யோசிச்சா வேற ஒண்ணு தோணுது. எல்லாம் வல்ல சாமி, ராஜா மனசை மாத்தியிருக்கலாம். கனவுல வந்து மிரட்டியிருக்கலாம். அதெல்லாம் செய்யாம, ரெக்கார்டுல ஒரு வரி சேர்த்தார். இந்த நாட்டுல ஏட்டுல இருந்தாத்தான் இருக்குன்னு அந்தக் காலத்துச் சனங்களுக்கும் நல்லாத் தெரிஞ்சிருக்கு. கதையில சாமியே அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கறார்.

சுந்தரர் கதையைப் பாருங்க, இன்னும் தெளிவாப் புரியும். புத்தூர்ல அவருக்குக் கல்யாணம் நடக்கற நேரத்துல ஒரு கிழவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கு"ன்னு வழக்கு வைக்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டுடறார். கிழவர் அசரலை. கிழிச்சது நகல்தான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ல இருக்குன்னார். வழக்கு அந்த ஊர்ச் சபைக்குப் போகுது. சபையார் கேக்கற சாட்சியம் மூணு வகை. ஆட்சி, ஆவணம், காட்சி. ஆட்சின்னா வழிவழியா அனுபவத்துல இருக்கறது. ஆவணம்னா எழுத்து. காட்சின்னா கண்ணால பார்த்தவங்க சொல்றது. கிழவர் மூல ஓலையைக் காட்டறார். சபையார் அதை அப்படியே நம்பலை. பாட்டன் கையெழுத்துப் போட்ட வேற ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, ரெண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்றாங்க.

இதை எழுதின சேக்கிழார் நம்ம பக்கத்து குன்றத்தூர்க்காரர். 12-ஆம் நூற்றாண்டுல சோழ ராஜா இரண்டாம் குலோத்துங்கன் சபையில அமைச்சரா இருந்தவர்னு சொல்றாங்க. வழக்கு எப்படி நடக்கும்னு தெரிஞ்ச ஆள். அதனாலதான் கிழவர் வேஷத்துல வந்த சிவனைக்கூட மூல ஓலையைக் காட்டுன்னு நிக்க வச்சிருக்கார்.

அதே சுந்தரர் திருவொற்றியூருக்கு வந்து சங்கிலி நாச்சியாரைக் கட்டிக்க ஆசைப்படறார். திருவாரூர்ல ஏற்கெனவே பரவை நாச்சியார் இருக்காங்க. அதனால "உன்னை விட்டுப் பிரிய மாட்டேன்"னு சங்கிலிக்குச் சத்தியம் செஞ்சு கொடுக்கணும். சத்தியம் சாமி முன்னால செய்யணும். சுந்தரர் என்ன பண்ணார் தெரியுமா? சிவன்கிட்டப் போய், "நான் சன்னதியில சத்தியம் பண்ற நேரம் மட்டும் நீங்க வெளியே மகிழ மரத்தடியில போய் இருங்க"ன்னு கேட்டுக்கிட்டார். சாமி இல்லாத சன்னதியில செஞ்ச சத்தியம் செல்லாதே. நம்ம ஊர்ல பத்திரம் எழுதறவங்க பண்ற வேலை இது. வார்த்தை சரியா இருக்கும், உள்ளே ஒண்ணும் இருக்காது.

சிவனும் சரின்னுட்டு, சங்கிலி கனவுல போய், "சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கோ"ன்னு சொல்லிட்டார். மறுநாள் அந்தம்மா அப்படியே கேட்க, சுந்தரர் தப்பிக்க வழியில்லாம மகிழடியில சத்தியம் பண்ணார். இன்னிக்கும் அந்தக் கோயில்ல மகிழடி சேவைன்னு விழா நடக்குது. வசந்த காலம் வந்ததும் திருவாரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டினார். ரெண்டு கண்ணும் போச்சு.

கண்ணு தெரியாம நடந்து போனவருக்கு ஊன்றுகோல் கிடைச்ச இடம் திருவெண்பாக்கம். இது பூண்டிக்குப் பக்கம். பழைய கோயில் இருந்த இடம் பூண்டி ஏரிக்குள்ள போயிடுச்சு. கொசஸ்தலை ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டி 1944-ல் அந்த ஏரியைத் திறந்தப்போ, கோயிலை வேற இடத்துல எடுத்துக் கட்டினாங்க. பட்டணத்துக்காரங்க குடிக்கிற தண்ணி அந்த ஏரியில் இருந்து வருது. மிச்சம் தண்ணி நம்ம பக்கம் இறங்கி, வல்லூர் அணைக்கட்டு தாண்டி, எண்ணூர்ல கடல்ல சேருது. நான் ரயில் ஜன்னல்ல பார்த்த அதே ஆறு.

கோயில் கல்வெட்டுல இன்னொரு சமாச்சாரம் இருக்கு. விவசாயிக்குக் கேட்டதும் பிடிக்கும். சாமிக்கு அணையா விளக்கு எரியணும்னு யாராவது ஆடு விடுவாங்க. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. இடையர்கள் அதை மேய்ச்சு, நாள்தோறும் இவ்வளவு நெய் கொடுக்கணும். அந்த ஆட்டுக்குக் கல்வெட்டுல வர்ற பேர் "சாவா மூவாப் பேராடு". சாகாது, கிழடும் ஆகாது.

சாகாத ஆடு எங்கே இருக்கு? நான் ஆடு வளர்த்தவன். ஒரு மழைக்காலத்துல நாலு போயிடும். அது எழுதினவனுக்கும் தெரியும். செத்தா குட்டியைச் சேர்த்துக் கணக்கைச் சரி பண்ணிக்கோ, எண்ணிக்கை குறையக் கூடாது, விளக்கு அணையக் கூடாதுங்கறதுதான் அர்த்தம். எழுத்து ஒரு பொய் சொல்லுது, ஆனா அந்தப் பொய் விளக்கை எரிய வைக்குது. சட்டம்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு எனக்கு இதைவிட நல்லா யாரும் சொன்னதில்லை.

இப்ப நம்ம "நீங்கலாக" விஷயத்துக்கு வர்றேன். தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் கொடுத்த ஊர்க் கணக்கெல்லாம் கல்லுல வெட்டியிருக்கு. இந்த ஊர்ல மொத்த நிலம் இவ்வளவு, அதுல ஊர் நத்தம், கோயில், குளம், ஊடே போற வாய்க்கால், சேரிகள், சுடுகாடு எல்லாம் நீக்கி, மிச்சத்துக்குத்தான் வரின்னு போட்டிருப்பாங்க. வரிக் கணக்குக்குப் புறம்பாப் போன நிலம். அதைத்தான் பிற்பாடு புறம்போக்குன்னாங்க. திட்டற வார்த்தையா இருக்கலை அது. ஊரே பொதுவா அனுபவிக்கிற இடம், இதுக்கு விலை போடாதேன்னு அர்த்தம். ஒரு வகையில அதுவும் "ஒற்றியூர் நீங்கலாக" மாதிரிதான்.

வெள்ளைக்காரன் வந்ததும் அளந்தான். 1767-ல் இருந்து 1774 வரைக்கும் பர்னார்டுங்கற துரை செங்கல்பட்டு ஜாகீர் ஊர்களையெல்லாம் அளந்து கணக்கு எடுத்தார். அப்பவும் ஏரி, குளம், காவா, மேய்ச்சல் எல்லாம் தனியாக் கணக்குல வந்தது. மாற்றம் வந்தது 1905-ல். மதராஸ் நில ஆக்கிரமிப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. ரோடு, தெரு, ஆத்துப் படுகை, கடல் படுகை, துறைமுகம், கழி எல்லாம் சர்க்கார் சொத்துன்னு அதுல இருக்கு. ஆக்கிரமிப்பைத் தடுக்கத்தான் சட்டம். ஆனா ஊர்ப் பொதுன்னு இருந்தது ஒரே எழுத்துல சர்க்கார் சொத்தாயிடுச்சு. ஊரான் வச்சா ஆக்கிரமிப்பு, சர்க்கார் யாருக்காவது கொடுத்தா அது ஒதுக்கீடு.

சட்டத்தோட எழுத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஆட்சி பண்ணா என்ன ஆகும்னு சீன தேசத்துல ஒரு பழைய கதை இருக்கு. கி.மு. 221-ல் சின் வம்சத்து ராஜா சீனா முழுசையும் ஒண்ணாக்கினார். சட்டம், தண்டனை, இதை வச்சே நாட்டை நடத்தலாம்னு சொன்ன அறிஞர்கள் அந்த அரசுக்குப் பின்னால இருந்தாங்க. ராஜா செத்த அடுத்த வருஷம், கி.மு. 209-ல், காவல் வேலைக்கு ஏறக்குறைய 900 பேரைக் கூட்டிட்டுப் போனாங்க. வழியில பெருமழை, ரோடு போச்சு, கெடுவுக்குள்ள போய்ச் சேர முடியாது. கெடு தவறினா மரண தண்டனைன்னு சட்டம். மழை பெஞ்சுதுன்னா விதிவிலக்கு இல்லை. அதுல இருந்த சென் ஷெங், வூ குவாங்னு ரெண்டு பேர் யோசிச்சாங்க. போனாலும் சாவு, எதிர்த்தாலும் சாவு, அப்ப எதிர்த்தே சாவோம்னு கிளம்பினாங்க. மூணே வருஷத்துல சின் வம்சம் போச்சு. அவ்வளவு பெரிய அரசு விழறதுக்கு முதல் அடி, மழைக்கு "நீங்கலாக"ன்னு ஒரு வரி எழுதாததுதான்.

அவ்வளவு தூரம் போக வேணாம். நம்ம வடசென்னையிலேயே இருக்கு. பெரம்பூர் பக்கம் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் தொழிலாளர்களுக்காக 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க. வாடியா, திரு.வி.க. எல்லாம் முன்னால நின்னாங்க. 1920-ல் மில்லுல தகராறு வந்தப்போ, கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போச்சு. தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் இருக்கு, அதை மீறச் சொல்லித் தூண்டறது தப்புன்னு வழக்கு. எழுத்துப்படி சரி. கோர்ட்டு தடை போட்டுது. கடைசியில வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டி வந்தது. பசிச்சவன் வேலைக்குப் போகலைன்னா அது ஒப்பந்த மீறல்னு மட்டும்தான் அந்த எழுத்துக்குத் தெரிஞ்சுது.

ஆனா கதை அதோட நிக்கலை. இப்படி ஒரு வழக்கு வந்ததாலதான் தொழிற்சங்கத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்க ஒரு சட்டம் வேணும்னு பேச்சு கிளம்பி, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. எழுத்தால அடிபட்டவங்க எழுத்தாலேயே எழுந்தாங்க. அதனால எழுத்தே வேணாம்னு நான் சொல்ல வரலை. பட்டா இல்லாத விவசாயி பாடு எனக்குத் தெரியும். எந்தக் காகிதமும் இல்லாத இருளர் சனங்க படற பாடு அதைவிட மோசம்.

இப்ப அந்த ரயில் பாலத்துக்கு வருவோம்.

1991-ல் மத்திய சர்க்கார் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்புன்னு ஒண்ணு கொண்டு வந்தது. கடலோரத்துல மட்டும் இல்லை, அலை ஏறி இறங்கற கழிமுகத்திலேயும் கண்டபடி கட்டக் கூடாதுன்னு விதி. ஒவ்வொரு மாநிலமும் வரைபடம் போட்டுக் கொடுக்கணும். தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு 1996-ல் ஒப்புதல் கிடைச்சுது. அந்தப் படத்துல எண்ணூர் கழி இருக்கு, பாதுகாக்க வேண்டிய இடம்னும் இருக்கு.

அதுக்கப்புறம் வருஷம் வருஷமா அந்தக் கழிக்குள்ள வேலைங்க நடந்தது. 1994-லேயே வடசென்னை அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுடுச்சு. 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது, இப்ப அதுக்குக் காமராஜர் துறைமுகம்னு பேர். சாம்பல் குழாய், நிலக்கரி, மண்ணு கொட்டறது. இதெல்லாம் எப்படி அனுமதிச்சீங்கன்னு மீனவர்களும் அவங்களுக்குத் துணையா நின்னவங்களும் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டாங்க. 2017-ல் அவங்களுக்கு ஒரு படம் கிடைச்சுது. 1997-ல் போட்டதுன்னு அதுல இருக்கு. அந்தப் படத்துல கழியே இல்லை. ஏறக்குறைய 6,500 ஏக்கர் தண்ணி காணோம். 1996 படத்துக்கு மட்டும்தான் முறையான ஒப்புதல் இருக்கு, இது திருட்டுப் படம்னு மீனவர்கள் சொன்னாங்க. விஷயம் பத்திரிகையில வந்தது, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு.

முதல்ல அதைப் படிச்சப்போ எனக்கு எழுத்தறியும் பெருமான் ஞாபகம்தான் வந்தது. அங்கே யாருக்கும் தெரியாம ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு வரி சேர்ந்தது, ஒரு ஊர் பிழைச்சுது. இங்கே யாருக்கும் தெரியாம ஒரு கழி நீங்கிப் போச்சு. சாவா மூவாப் பேராட்டுல செத்த ஆடு ஏட்டுல உயிரோட இருந்தது, விளக்கு எரியறதுக்காக. இங்கே உயிரோட இருக்கற ஆறு ஏட்டுல செத்துப் போச்சு. அது யாருக்காகன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

திருவெண்ணெய்நல்லூர் சபை கேட்ட மூணையும் வச்சுப் பார்க்கலாம். ஆட்சி இருக்கா? காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம்னு ஊருங்க தலைமுறை தலைமுறையா அந்தத் தண்ணியை நம்பி இருக்கு. இருளர் சனங்க கையாலேயே துழாவி இறால் பிடிப்பாங்க. காட்சி இருக்கா? ரயில் ஜன்னலைத் திறந்தா போதும். ஆவணம்? அதுவும் 1996-ல் இருக்கு. மூணும் இருந்தும் அவங்க வழக்காட வேண்டியிருக்கு. எனக்கு ஆவணம் ஒண்ணுதான் இல்லை, அதுக்கே இப்படி.

எழுதாத சட்டத்தால சண்டையில்லாம நடக்கற ஒண்ணும் பக்கத்துலயே இருக்கு. பழவேற்காடு ஏரியில மீன் பிடிக்க "பாடு"ன்னு முறை உண்டு. எந்த இடத்துல, எந்த நாள்ல, யார் வலை கட்டறதுன்னு சீட்டுப் போட்டு மாத்தி மாத்தி விடுவாங்க. நல்ல இடம் ஒருத்தனுக்கே போகாது. அதுலயும் குறை உண்டு, முறைக்குள்ள வராத சாதிக்காரங்களுக்குப் பங்கு கிடைக்கறதில்லை. ஆனா தண்ணி எங்கே இருக்குன்னு அவங்களுக்குப் படம் தேவைப்படலை.

2017 ஜனவரியில எண்ணூரைப் பத்தி சென்னை புறம்போக்கு பாடல்னு ஒண்ணு வந்ததே, கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடினது, பட்டணத்துல பலபேர் கேட்டிருப்பீங்க. அந்த வார்த்தைக்கு இருந்த பழைய மரியாதையை அது திரும்ப ஞாபகப்படுத்துச்சு. அதே மாசக் கடைசியில எண்ணூர் கடல்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்துல ஆத்துலயே எண்ணெய் வந்து படகு, வலை எல்லாம் கறுத்துப் போச்சு. அதே மாசக் கடைசியில ஒரு ராத்திரி கடலுக்கடியில போற குழாயில இருந்து அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பம், சின்னகுப்பம் சனங்க தூக்கத்துல எழுந்து ஓடினாங்க. ஏட்டுல இல்லைன்னு வச்ச தண்ணி ஊருக்குள்ள வரும்போது ஏட்டைக் கேட்டுட்டு வர்றதில்லை.

இதுவரைக்கும் ஊரான் கதையைச் சொன்னேன். என் வீட்டுக் கதையையும் சொல்லணும். இல்லைன்னா இது நேர்மையா இருக்காது.

காவாய் ஓரமா இருக்கற அரை ஏக்கர் எங்க நைனா காலத்துல வந்தது. ஒருத்தர் மகள் கல்யாணத்துக்குப் பணம் வாங்கி, கிரயமாவே எழுதிக் கொடுத்துட்டு, மூணு வருஷத்துக்குள்ள பணத்தைக் கட்டினா திருப்பி எழுதித் தரணும்னு தனியா ஒப்பந்தம் போட்டுக்கிட்டார். அவர் பணத்தோட வந்தப்போ கெடு முடிஞ்சு பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்த ஐப்பசியில பேய்மழை, நெல்லு காயலை, விக்க முடியலை. நைனா காகிதத்தை எடுத்துக் காட்டினார். "தேதி தாண்டிடுச்சு, நான் என்ன பண்றது." எழுத்துப்படி சரிதான். எங்கம்மா மட்டும் திண்ணையில உட்கார்ந்து, "மழைக்கு வேணாமா ஒரு வாரம்"னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு அப்ப இருபது வயசு. நான் ஒண்ணும் சொல்லலை. அந்த அரை ஏக்கர்லதான் இன்னிக்கும் நெல்லு போடறேன்.

ஆபீசுல இருந்து வந்ததும் விசாரிச்சேன். 80-கள்ல நிலக் கணக்கையெல்லாம் புதுப்பிச்சாங்களே, யு.டி.ஆர்.னு சொல்வோம், அதுல பல ஊர்ல பல தப்பு விழுந்தது. எங்க காவாயும் அப்பத்தான் காணாமப் போயிருக்கணும். அதுக்கு முந்தின பழைய பதிவேட்டு நகல் எடுக்கணும், ஊர்ல வயசான நாலு பேர் கையெழுத்து வேணும்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. நகலுக்கு மனுப் போட்டு, நாலு நடை நடந்து, கடைசியில கிடைச்சுது. ஒரு கோடு, பக்கத்துல "வாய்க்கால்"னு கையெழுத்து. மூல ஓலை கிடைச்ச கிழவர் மாதிரி இருந்தது எனக்கு.

கையெழுத்துக்கு ஊர்ல ரொம்ப வயசானவர் அவர்தான். அந்த அரை ஏக்கரை இழந்தவர். எண்பது தாண்டிடுச்சு. ரெண்டு நாள் போறதா வேணாமான்னு இருந்துட்டு, மூணாம் நாள் போனேன். பேப்பரை நீட்டி, "மாமா, காவா இருந்துதுன்னு..."ன்னு இழுத்தேன். முழுசா சொல்ல வாய் வரலை.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு, மெதுவா கையெழுத்துப் போட்டார். "இருந்தது இருந்ததுதானேப்பா. அதுல நான் மாடு கழுவியிருக்கேன்"ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை. நிலத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரலை. டீ குடிச்சுட்டுப் போன்னார்.

போன வாரம் ஜமாபந்தியில மனுவையும் நகலையும் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு கொடுத்திருக்காங்க. சர்வேயர் வருவார்னு சொல்லியிருக்காங்க. வந்தா மதகுக் கல்லைக் காட்டணும்.

அரை ஏக்கர் விஷயமா வீட்டுல பேசிட்டு இருக்கோம். பெரியவன், "சட்டப்படி நம்மளுதுதானேப்பா"ங்கறான். சட்டப்படி நம்மளுதுதான். காவா இல்லைன்னு சொன்ன தம்பியும் சட்டப்படிதான் சொன்னார். வீட்டுக்காரம்மா இன்னும் வாயைத் திறக்கலை. சொர்ணவாரி அறுப்பு முடிஞ்சதும் அந்தப் பெரியவர் வீட்டுக்கு இன்னொரு நடை போகணும். அந்தத் தடவை கொண்டு போற பேப்பர்ல கையெழுத்துப் போட வேண்டியவன் நானாத்தான் இருக்கணும்னு நினைக்கிறேன்.